ஷட்டில் ஹாலுக்கு எந்தக் கேமரா: சோனி ஏ6700-ஆ, கேனான் ஆர்10-ஆ?

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடிப் பக்கத்து ஷட்டில் ஹால்களில் வெளிச்சம்தான் பெரிய தொல்லை. தரையில் விழும் வெளிச்சம் 300 லக்ஸ் என்று வைத்துக்கொள்வோம். ஸ்மாஷ் அடிக்கும் கை படத்தில் அசையாமல் விழ ஷட்டர் வேகம் 1/1000 நொடியாவது வேண்டும். எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அதிக வெளிச்சம் விடும்; ஐஎஸ்ஓ கூடக் கூடப் படத்தில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் கூடும். அந்த வேகத்தில் எஃப்/6.3 கிட் லென்ஸ் (கேமராவோடு வருவது) ஐஎஸ்ஓ 32,000 கேட்கும், எஃப்/2.8 ஜூமுக்கு 6400, ஜூம் இல்லாத எஃப்/1.8 பிரைமுக்கு 2500 சொச்சம் போதும். இரண்டு பாடியிலும் (லென்ஸ் இல்லாத கேமராவில்) இருப்பது ஏபிஎஸ்-சி அளவு சென்சார். அவற்றுக்குள் நாய்ஸில் உள்ள வித்தியாசம் இந்த லென்ஸ் வித்தியாசத்தின் பக்கத்தில்கூட வராது.

ஆகவே காசை முதலில் லென்ஸில் போடுங்கள். இங்கேதான் ஆர்10 முந்துகிறது. பழைய கேனான் டிஎஸ்எல்ஆரில் முகூர்த்தம் எடுத்தவர் வீட்டு பீரோவில் இஎஃப் 85 மி.மீ. எஃப்/1.8 இருக்க வாய்ப்புண்டு. அடாப்டர் மாட்டினால் நன்றாகவே ஃபோகஸ் பிடிக்கும். புதிது என்பதற்காக ஆர்எஃப் 85 எஃப்/2 மேக்ரோவை வாங்கிவிடாதீர்கள், ஓடும் ஆளுக்கு அதன் மோட்டார் மந்தம். சோனியில் எஃப்இ 85 எஃப்/1.8 வேகமானது, எடையும் 371 கிராம்தான். எண்ட் லைனுக்குப் பின்னால் நின்று கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால், 10 மீட்டர் தள்ளி நிற்கும் எதிர்ப்பக்க ஆட்டக்காரர் குதித்தாலும் 85-க்குள் அடங்குவார். கபடி மேட் ஓரமென்றால் 85 நெருக்கம். சிக்மா 56 எஃப்/1.4 இரண்டு மவுண்ட்டுக்கும் கிடைக்கிறது.

பாடிக்கு வருவோம். ஆர்10 மெக்கானிக்கல் ஷட்டரில் நொடிக்கு 15 ஃபிரேம், ஏ6700 11. ஆனால் ராவில் (கேமரா பதப்படுத்தாத பெரிய கோப்பில்) எடுத்தால் ஆர்10-இன் பஃபர், அதாவது தற்காலிக நினைவகம், இரண்டு நொடியில் நிரம்பிவிடும். சோனி கம்ப்ரஸ்டு ராவில் ஐந்து நொடி வரை தாங்கும். ஜேபெக்கில் எடுப்பவருக்கு இது பிரச்சினையே இல்லை. ஃபோகஸ் பாயிண்ட்டை நகர்த்த ஆர்10-இல் ஜாய்ஸ்டிக் உண்டு. விலை கூடிய ஏ6700-இல் அது இல்லை, ஏனோ! சோனியில் பாடிக்குள்ளேயே ஸ்டெபிலைசர் இருக்கிறது, ஆனால் 1/1000-இல் அதற்கு வேலையில்லை. ஆளைப் பிடித்துத் தொடர்வதிலும் பேட்டரியிலும் சோனி ஒரு படி மேல்.

இரண்டிலும் படம் கெடுவது ஒரே இடத்தில். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவு விளக்குகள் நொடிக்கு 100 தடவை மங்கி எரியும். பர்ஸ்ட்டில் (தொடர்ந்து எடுக்கும்போது) ஒரு ஃபிரேம் வெளிச்சமாகவும் அடுத்தது மஞ்சளடித்து இருட்டாகவும் வரும். மெனுவில் ஆன்ட்டி ஃப்ளிக்கரைப் போடுங்கள். பர்ஸ்ட் வேகம் கொஞ்சம் குறையலாம், பரவாயில்லை. ஆர்10-இன் 23 ஃபிரேம் எலக்ட்ரானிக் ஷட்டரை ஹாலுக்குள் தொடவே வேண்டாம்: படத்தில் பட்டை விழும், ராக்கெட் வளைந்து தெரியும். ஃபோகஸ் வலைக்குத் தாவினால் டிராக்கிங் சென்சிட்டிவிட்டியை 'லாக்டு ஆன்' பக்கம் தள்ளுங்கள்.

விளையாட்டு மட்டும் என்றால் ஆர்10-உம் பழைய 85-உம் போதும். கல்யாண வீடியோவும் எடுப்பவர் ஏ6700-க்குப் போகலாம். நிக்கான் இசட்50 II நல்ல பாடிதான், வீட்டில் ஏற்கெனவே இசட் லென்ஸ் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

பழைய லென்ஸ் வாங்கும்போது பின்பக்கமிருந்து டார்ச் அடித்து, முன்னால் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி தெரிந்தால் ஃபங்கஸ். எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். வாங்கியதைத் தோல் பையில் வைக்காமல், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடும் சின்ன ஈரப்பத மீட்டரோடும் வையுங்கள். முள் 40-இலிருந்து 50 சதவீதத்துக்குள் நிற்கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் ஜெல்லை அடிக்கடி காயவைக்க வேண்டியிருக்கும்.