ஓபிடி புளூடூத் கருவி: பெட்ரோல் சிக்கனத்துக்கு எவ்வளவு உதவுகிறது?

தமிழகத்தில் பெட்ரோல் விலை லிட்டருக்கு 100 ரூபாயைத் தாண்டிய பிறகு, கார் வைத்திருப்போர் இருவர் சந்தித்தால் மைலேஜ் பற்றிய பேச்சு எழாமல் போவதில்லை. எந்த வண்டி அதிகம் தருகிறது என்பதைச் சுற்றியே அந்தப் பேச்சு நடக்கிறது; ஒரே வண்டியை ஒரே சாலையில் ஓட்டும் இருவருக்கு லிட்டருக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் வேறுபடுவது ஏன் என்பதை அவ்வளவாக யாரும் ஆராய்வதில்லை. அந்த வேறுபாடு எங்கே உண்டாகிறது என்பதைக் கண்ணால் பார்க்க விரும்பி, காரின் ஓபிடி இணைப்பில் (வண்டியின் கணினியிடமிருந்து எஞ்சின் தகவல்களையும் கோளாறுகளையும் படிக்க உதவும் இணைப்பு) செருகும் புளூடூத் கருவி ஒன்றை வாங்கி, மேனுவல் கியர் கொண்ட என் சிறிய பெட்ரோல் காரில் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். பல பெயர்களில், ஏறக்குறைய ஒரே உள்ளமைப்புடன் விற்கப்படும் இவ்வகைக் கருவிகள் சில நூறு ரூபாயிலிருந்தே கிடைக்கின்றன. கொடுத்த விலைக்கு மிகுதியாகவே இது கற்றுத்தருகிறது. ஆயினும், இது காட்டும் எண்ணை அப்படியே நம்புகிறவருக்குத் தவறான பாடத்தையும் சேர்த்தே கற்பித்துவிடும்.

பொருத்துவதில் சிரமம் எதுவும் இல்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே, ஓட்டுநரின் முழங்காலுக்கு அருகில் 16 முனைகள் கொண்ட இணைப்பு இருக்கும். அமெரிக்காவில் 1996 முதல் கட்டாயமான இந்த இணைப்பு, இப்போது நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான கார்களிலும் உள்ளது. கருவியை அதில் செருகி, கைபேசியில் அதற்கான செயலியை நிறுவி, எஞ்சினின் சிசி அளவை உள்ளிட்டால், வேகம், ஆர்.பி.எம். (எஞ்சின் நிமிடத்துக்குச் சுழலும் எண்ணிக்கை), எஞ்சின் வெப்பநிலை, ஓடும் கணத்தின் மைலேஜ் ஆகியவை திரையில் வரத் தொடங்குகின்றன.

இந்த மைலேஜ் எண் எப்படிக் கிடைக்கிறது என்பதை வாங்குவோர் அறிந்திருக்க வேண்டும். பெட்ரோல் எவ்வளவு செலவாகிறது என்பதைக் கருவி நேரடியாக அளப்பதில்லை. எஞ்சினுக்குள் போகும் காற்றின் எடையைச் சென்சார்களிடமிருந்து பெற்று, பெட்ரோல் எஞ்சினில் ஒரு பங்கு எரிபொருளுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று எரிகிறது என்ற விகிதத்தைக் கொண்டு செயலி கணக்கிடுகிறது. பல சிறிய கார்களில் காற்றின் ஓட்டத்தை அளக்கும் சென்சார் இல்லாமல் அழுத்தத்தை அளக்கும் சென்சார் மட்டுமே இருப்பதால், காற்றின் எடையையே ஊகத்தில் கணக்கிட வேண்டியிருக்கிறது. ஆகவே முதல் வேலை, பழைய ஃபுல் டேங்க் முறையில் உண்மையான மைலேஜைக் கண்டறிந்து, செயலியின் அமைப்புகளை அந்த எண்ணுக்கு ஒத்துவரும்படி திருத்துவது. இரண்டு முறையும் ஒரே பங்க்கில், தானாக நிற்கும் அளவுக்கு நிரப்பி, இடையில் ஓடிய கிலோமீட்டரை இரண்டாம் முறை நிரப்பிய லிட்டரால் வகுத்தால் போதும். இதைச் செய்யாமல் கருவியின் எண்ணைச் சொல்லிப் பெருமைப்படுவதிலோ வருந்துவதிலோ பொருளில்லை.

திருத்திய பிறகு கருவி தன் பயனைக் காட்டத் தொடங்குகிறது. முதலில் தெரிவது சிக்னலில் நிற்கும் செலவு. சிறிய பெட்ரோல் எஞ்சின் வண்டி நகராமல் ஓடும்போது மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர் வரை குடிக்கிறது. ஏசி ஓடினால் அது இன்னும் கூடுகிறது. மீண்டும் ஸ்டார்ட் செய்ய ஆகும் பெட்ரோல் சில விநாடிகள் சும்மா ஓடுவதற்கு ஆகும் அளவே என்பதால், நீண்ட சிக்னலில் எஞ்சினை அணைப்பது லாபம்தான்.

நெடுஞ்சாலையில் பாடம் இன்னும் தெளிவானது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாகக் கூடுவதால், மணிக்கு 80 கிலோமீட்டரில் உள்ள எதிர்ப்பு 100 கிலோமீட்டரில் ஒன்றரை மடங்குக்கும் மேலாகிறது. செங்கல்பட்டைத் தாண்டி விழுப்புரம் நோக்கிச் செல்லும் நேரான சாலையில் 80, 90, 100 என்று சற்று நேரம் சீராக ஓட்டிப் பார்த்தால், ஒவ்வொரு படியிலும் எண் இறங்குவதை ஐயமின்றிக் காணலாம். முடுக்கத்தில் மட்டும் பலர் நினைப்பதற்கு மாறான விடை கிடைத்தது. முதல் இரண்டு கியர்களிலேயே நெடுநேரம் ஊர்ந்து செல்வதைவிட, அளவான அழுத்தத்தில் வேகம் எடுத்து, 2000 முதல் 2500 ஆர்.பி.எம்.முக்குள் அடுத்த கியருக்கு மாறிவிடுவது குறைந்த செலவில் முடிகிறது. எஞ்சின் திணறும்படி உயர்ந்த கியரில் வைத்து ஓட்டுவது இதில் சேராது.

நான் மிகவும் அக்கறையோடு சொல்ல விரும்புவது இறக்கத்தில் நியூட்ரல் போடும் பழக்கத்தைப் பற்றியது. வால்பாறையிலிருந்து ஆழியாறு நோக்கி 40 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது நியூட்ரலில் உருட்டுவது பெட்ரோலை மிச்சப்படுத்தும் என்று நம்பும் ஓட்டுநர்கள் இன்றும் பலர். கார்புரேட்டர் காலத்தில் பிறந்த நம்பிக்கை அது. இன்றைய எஞ்சினில், வண்டி கியரில் இருக்க, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை முழுவதும் எடுத்துவிட்டால், ஆர்.பி.எம். ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருக்கும்வரை எஞ்சினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்கள் அதைத் தெளிப்பதை அறவே நிறுத்திவிடுகின்றன. சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றுகின்றன. நியூட்ரலிலோ எஞ்சின் தன்னைத் தானே ஓட்டிக்கொள்ளப் பெட்ரோல் எரித்தாக வேண்டும். எஞ்சின் பிடிப்பு இல்லாததால் பிரேக் சூடேறி வலுவிழக்கும் ஆபத்தும் சேர்கிறது. எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்குவது இதைவிடக் கொடிது, ஏனெனில் பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் கிடைக்கும் துணை விசை போய்விடும்.

இந்த முக்கியமான இடத்தில்தான் கருவியின் எண் வழுக்குகிறது. பெட்ரோல் நின்றாலும் காற்று எஞ்சினுக்குள் போய்க்கொண்டே இருக்கும். காற்றை வைத்துக் கணக்கிடும் செயலி, அந்த நிலையைத் தனியே கண்டறியும் வசதி இல்லாவிட்டால், எரியாத பெட்ரோலையும் எரிந்ததாகவே எழுதிவிடும். லிட்டர் எண்ணை விட்டுவிட்டு, செயலியில் எரிபொருள் அமைப்பின் நிலையைக் காட்டும் பகுதியைத் திறந்து பாருங்கள். காலை எடுத்த சற்று நேரத்தில், வேகம் குறைவதால் எரிபொருள் நிறுத்தப்பட்டது என்ற பொருளில் அந்நிலை மாறும். தொலைவில் சிவப்பு விளக்கைக் கண்டதும் கியரை எடுக்காமல் காலை மட்டும் எடுத்து, தானாக வேகம் குறைய விட்டு, கடைசியில் கிளட்ச் மிதிக்கும் பழக்கம் எனக்கு அதைப் பார்த்த பிறகே உறுதிப்பட்டது.

குறைகள் வேறு சிலவும் உண்டு. எண்கள் சற்றுத் தாமதித்தே மாறுகின்றன. ஓட்டும்போது திரையைப் பார்ப்பது ஆபத்தானது. பயணம் முடிந்தபின் பதிவைப் படிப்பதே சரி, அல்லது அருகில் இருப்பவர் பார்த்துச் சொல்லட்டும். இணைப்பின் ஒரு முனையில் எப்போதும் மின்சாரம் இருப்பதால், வண்டியைப் பல நாள் நிறுத்தி வைப்பவர்கள் கருவியைக் கழற்றிவிட வேண்டும். இல்லையேல் பேட்டரி இறங்கும். டயர் காற்றுக் குறைவால் வரும் இழப்பை இது தனியே சொல்லாது. அதற்குப் பங்க்கில் அளந்து பார்ப்பது ஒன்றே வழி. டீசல் எஞ்சினில் காற்றுக்கும் எரிபொருளுக்குமான விகிதம் நிலையானதன்று என்பதால், காற்றை வைத்துப் போடும் மைலேஜ் கணக்கு அங்கே செல்லாது.

மீட்டரிலேயே உடனடி மைலேஜ் தெரியும் கார் வைத்திருப்போர் இதற்குச் செலவழிக்க வேண்டியதில்லை. அவ்வசதி இல்லாத பெட்ரோல் கார்க்காரர்கள், திருப்பி அனுப்பும் வசதியுள்ள விற்பனையாளரிடம், அணைக்கும் பொத்தான் உள்ள வகையைத் தேர்ந்து வாங்கலாம். ஐபோன் வைத்திருப்போர், தம் கைபேசியோடு இணையும் வகைதானா என்று முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. குறைந்த விலைக் கருவிகளில் பல ஆண்ட்ராய்டோடு மட்டுமே இணைகின்றன.