நிறுத்திவைத்த கார்: சோலார் தகடா, மைனஸ் வயரைக் கழற்றுவதா?

பூட்டி நிறுத்திய காரும் கரண்ட் குடித்துக்கொண்டேதான் இருக்கும். அலாரம், கடிகாரம், ரிமோட் பூட்டு எல்லாம் சேர்ந்து 50 மில்லிஆம்பியர் இழுத்தால், ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி போய்விடும். 45 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்று வாரத்தில் பாதிக்கு மேல் காலி. அப்படியே விட்டால் உள்ளே தட்டுகளில் சல்பேட் படிந்து ஆயுளும் குறையும்.

5 வாட் சோலார் தகடு நல்ல வெயிலில் சுமார் 0.3 ஆம்பியர் தரும். நாலு மணி நேரம் நேர் வெயில் விழுந்தால் இழப்புக்குச் சரியாகிவிடும். ஆனால் கண்ணாடிக்கு உள்ளே, டேஷ்போர்டில் படுத்திருக்கும் தகட்டுக்கு அவ்வளவு வராது. அதனால் 10 வாட்டாகவே வாங்குங்கள், சார்ஜ் கன்ட்ரோலரோடு (பேட்டரிக்கு ஏறும் கரண்டைக் கட்டுப்படுத்தும் சின்னக் கருவி). இரவில் கரண்ட் பின்னோக்கி ஓடாமல் அதுவே தடுக்கும். அப்புறம், பல கார்களில் சாவியை எடுத்ததும் சிகரெட் லைட்டர் சாக்கெட் அணைந்துவிடும். அதில் செருகினால் ஒன்றும் ஏறாது. பேட்டரி முனைகளிலேயே கிளிப் போடுங்கள்.

பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்ற ஒரு ஸ்பேனர் போதும். அலாரமும் ரிமோட் பூட்டும் வேலை செய்யாது, கடிகாரத்தைத் திரும்ப வைக்கவேண்டும். சாவியால் கதவு திறக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கூரைக்கடியில் நிற்கும் காருக்கு இதுதான் வழி. வெட்டவெளியில் நிற்கும் காருக்கு நான் தகட்டைத்தான் சொல்வேன்.