விஷ்ணுகிரந்தி என்று சொல்லி அலங்காரச் செடியை விற்கிறார்கள்: வாங்குமுன் இதைப் பாருங்கள்

மூலிகைச் செடிகளை இணையத்தில் விற்கும் ஒரு நர்சரியில் ‘நாட்டு விஷ்ணுகிரந்தி’ என்று போட்டிருந்ததைப் பார்த்து வாங்கினேன். வந்தது விஷ்ணுகிரந்தியே இல்லை. புகார் சொன்னதும் மாற்றாக அனுப்பினார்கள். அது இன்னும் மோசம். பணம் இதுவரை திரும்ப வரவில்லை. பணம்கூடப் போகட்டும். மருந்துக்கென்றே இந்தச் செடியைத் தேடி வாங்குகிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

விஷ்ணுகிரந்தி தரையோடு படர்கிற சின்னச் செடி. மழைக்குப் பிறகு செம்மண் மேட்டிலும் சரளை நிலத்திலும் குட்டைப் புல்லுக்கு நடுவே கண்ணில் படும். அடியில் கட்டையான வேர் இருக்கும். அதிலிருந்து மெல்லிய, விறைப்பான தண்டுகள் நாலா பக்கமும் ஓடும். வெயில் காலத்தில் மேலே காய்ந்துபோனாலும் வேர் கிடந்து அடுத்த மழைக்குத் துளிர்க்கும். இலை பெரும்பாலும் 1 முதல் 2 செ.மீ. நீளம், மேலே வெள்ளை ரோமம் படிந்திருக்கும். பூ வெளிர்நீலம், எப்போதாவது வெள்ளை. அகலம் 1 செ.மீ.யைத் தாண்டுவது அரிது. இலைக்கக்கத்தில் இருந்து இலையைவிட நீளமான மெல்லிய காம்பு கிளம்பி அதன் நுனியில் பூக்கும். இதைப் பார்த்துப் பழகியவருக்கு வேறு செடியைக் காட்டி ஏமாற்ற முடியாது. பார்க்காதவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

எனக்கு வந்தது தளதளவென்று புதராக இருந்தது. தொட்டியில் வைத்ததும் நன்றாகத்தான் வளர்ந்தது. தடித்த, சாம்பல் பூத்த இலை; தண்டு நுனியில் நெருக்கமாக மொட்டு; விரிந்தால் 2 செ.மீ.க்கு மேல் அகலமுள்ள அடர்நீலப் பூ, நடுவில் வெள்ளை. அழகான செடிதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது பிரேசில் பக்கத்துச் செடி, எவால்வுலஸ் குளோமெரட்டஸ். ‘புளூ டேஸ்’ என்ற பெயரில் உலகம் முழுக்க அலங்காரத்துக்கு விற்பது. நம் விஷ்ணுகிரந்தியின் தாவரப் பெயர் எவால்வுலஸ் அல்சினாய்டஸ். இரண்டும் ஒரே பேரினம், ஆனால் வேறு வேறு இனம்.

படத்தோடு எழுதிக் கேட்டேன். முதலில் பதிலே இல்லை. மறுபடி கேட்டதும் போனில் ஒருவர் பேசினார். “சார், பூ மதியம் சுருங்குதா இல்லையா? சுருங்கினா அது விஷ்ணுகிரந்திதான்” என்றார். இந்த அடையாளத்தை நம்பாதீர்கள். இரண்டு செடியின் பூவும் காலையில் விரிந்து வெயில் ஏறியபின் சுருங்கிவிடும். அப்புறம் “ரெண்டும் ஒரே குடும்பம் சார், குணமும் ஒண்ணுதான்” என்றார். அதே குடும்பத்தில்தான் சர்க்கரைவள்ளியும் இருக்கிறது. குடும்பத்தைச் சொல்லி மருந்தை முடிவு செய்ய முடியுமா? சித்த மருத்துவத்தில் காய்ச்சலுக்கு விஷ்ணுகிரந்திக் குடிநீர், அதாவது கஷாயம், கொடுப்பதைக் கேள்விப்பட்டு இதை வாங்கி, கிள்ளிப்போட்டுக் கொதிக்க வைப்பவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் அலங்காரச் செடியை மூலிகை என்று விற்பதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

விடாமல் கேட்டதில், ‘நர்சரியில் வளர்த்த ஒரிஜினல்’ என்று மாற்றுச் செடிகள் அனுப்பினார்கள். இந்தத் தடவை செடி உண்மையான விஷ்ணுகிரந்திதான். ஆனால் நர்சரியில் வளர்த்ததில்லை. கவரைக் கிழித்தால் வெளியே நார்க்கழிவு, உள்ளே வேரைச் சுற்றிச் சரளையோடு ஒரு பிடி செம்மண் கட்டி, அதில் வேறு புல்லின் வேரும் பின்னிக் கிடந்தது. தண்டு நுனிகளில் ஆடு கடித்த தடம். முதிர்ந்த கட்டை வேர் பாதியில் ஒடிந்திருந்தது. காட்டிலோ தரிசிலோ பிடுங்கி, கவரில் செருகி, அப்படியே அனுப்பிவிட்டார்கள். எல்லாம் வாடிச் செத்தன. வேர் ஒடிந்த பிறகு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் பயனில்லை; அதிகமாக ஊற்றினால் இருக்கிற வேரும் அழுகும்.

எனக்கு மனசு ஆறாதது இதில்தான். முதல் ஏமாற்றில் நஷ்டம் எனக்கு மட்டும். இரண்டாவதில், பல வருஷம் வேர்பிடித்து இருந்த செடிகள் அவை நின்ற இடத்தில் இருந்தே போய்விட்டன. அடுத்த மழைக்கு அங்கே துளிர்க்க வேரும் இல்லை, உதிர விதையும் இல்லை. ‘நாட்டுச் செடியைக் காப்போம்’ என்று எழுதிக்கொண்டே இதைச் செய்கிறார்கள்.

வாங்கத்தான் வேண்டும் என்றால் தாவரப் பெயரை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விஷ்ணுகிரந்தியைச் சிலர் ‘சங்கபுஷ்பி’ என்றும் சொல்வார்கள்; அப்படிக் கேட்டால் குழப்பம் இன்னும் கூடும், அந்தப் பெயரில் சங்குப்பூவும் போகிறது. விற்பனைப் பக்கத்துப் படத்தை நம்ப வேண்டாம். எனக்கு விற்றவர் போட்டிருந்தது அசல் விஷ்ணுகிரந்தியின் படம். அனுப்பப் போகிற செடியின் பூவுக்குப் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் கேளுங்கள். விதையிலிருந்தா, கட்டிங்கா என்றும் கேளுங்கள். நர்சரியில் வளர்ந்த செடி என்றால் மெல்லிய வேர்கள் கவரின் வடிவத்துக்கே மண்ணைப் பிடித்திருக்கும்.

இப்போது என் தொட்டியில் இருப்பவை தெரிந்தவர் தந்த விதையில் முளைத்தவை. காய் மிளகு அளவுதான், உள்ளே அதிகபட்சம் 4 விதை. மேல்தோல் கெட்டி என்பதால் உப்புத்தாளில் லேசாக உரசி விதைத்தேன். செம்மண்ணோடு மணல் கலந்து, முழு வெயிலில், தண்ணீரைக் குறைத்து வைத்தால் போதும். எருவை அள்ளிப் போட வேண்டாம்.

அந்த நர்சரி இன்றும் அதே படத்தைப் போட்டு விற்றுக்கொண்டிருக்கிறது. ஏற்கெனவே இந்தப் பெயரில் எங்காவது வாங்கி வைத்திருந்தால், பூவை ஒருமுறை அளந்து பாருங்கள். 2 செ.மீ. அகலத்தில் அடர்நீலமாக இருந்தால் செடி அழகுக்கு இருக்கட்டும், கஷாயத்துக்கு மட்டும் அதைப் பறிக்காதீர்கள்.