கதிரை: உயரம் மட்டும் மாறினால் போதுமா, எல்லாம் மாற வேண்டுமா?

மட்டக்களப்பில் வீட்டிலிருந்தே கணினி வேலை செய்பவர்களுக்கு வரும் குழப்பம் இது.

விலை: உயரம் மட்டும் மாறுவது மலிவு. உயரத்தோடு மற்றப் பகுதிகளையும் மாற்றக்கூடியது கையைக் கடிக்கும்.

உயரம்: இரண்டும் ஒன்றுதான். பாதம் தரையில் முழுதாகப் படிய வேண்டும், அவ்வளவே.

முதுகு: வித்தியாசமே இங்கேதான். மலிவானதில் இடுப்புத் தாங்கி ஒரே இடத்தில் நிற்கும். ஆள் கட்டை என்றால் நடுமுதுகில் குத்தும். மற்றதில் அதை ஏற்றி இறக்கலாம். சிலவற்றில் இருக்கையையும் முன்பின் தள்ளலாம்: முழங்கால் மடிப்புக்கும் விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைந்தால் சரி.

உழைப்பு: ஏற்றி இறக்கும், தள்ளும் பூட்டுகள் கூடினால் பழுதும் கூடும். கல்லடிக் கடற்கரைப் பக்கம் வீடென்றால் ஆணிகளில் துருவையும் பாருங்கள்.

ஒருவரே, ஒரு மணி நேரம் இருப்பதென்றால் மலிவானதே போதும். நாள் முழுக்க வேலை, அல்லது அண்ணனும் தங்கச்சியும் மாறி மாறி இருக்கும் வீடு என்றால் மற்றதை வாங்குங்கள்.