தலையில் ஐந்து ஆண்டுகள்

கட்டுமான மேற்பார்வை வேலையில் சேர்ந்த அன்று ஒரு சாதாரண ஹெல்மெட் கொடுத்தார்கள். தாடைப்பட்டை கிடையாது. அடித்தளக் கம்பிகளைக் குனிந்து சரிபார்க்கும்போதெல்லாம் கழன்று குழிக்குள் விழும். மூன்று மாதம் பொறுத்தேன். பிறகு என் பணத்திலேயே வேறொன்று வாங்கினேன்: ஏபிஎஸ் என்ற கெட்டி பிளாஸ்டிக் ஓடு, ஆறு முனைகளில் பிடிக்கும் உட்பட்டை, தாடைப்பட்டை, பின்னால் குமிழைத் திருகி இறுக்கும் ராட்செட். ஐஎஸ்ஐ முத்திரையும் தொழிற்பாதுகாப்பு ஹெல்மெட்டுக்கான இந்தியத் தர எண்ணான ஐ.எஸ். 2925-உம் இருப்பதைப் பார்த்துத்தான் வாங்கினேன்.

ராட்செட்டின் அருமை சாரத்தின் மேல் நிற்கும்போது தெரியும். ஒரு கை கம்பத்தைப் பிடித்திருக்க, மறு கையாலேயே இறுக்கிவிடலாம்.

இரண்டாம் ஆண்டில் கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் பலகைகளைப் பிரிக்கும்போது மேலிருந்து ஒரு ரீப்பர் (மரச்சட்டம்) என் தலையில் விழுந்தது. இரண்டு நாள் கழுத்து வலித்தது, அவ்வளவுதான். ஓட்டில் கீறல் மட்டுமே; உட்பட்டையின் ஒரு முனை பிய்ந்திருந்தது. ஓட்டுக்கும் தலைக்கும் நடுவே இருக்கும் அந்த வெற்றிடத்தில்தான் பட்டைகள் இழுபட்டு அடியின் வேகத்தை வாங்கிக்கொள்கின்றன. அங்கே பீடிக்கட்டையும் கைப்பேசியையும் செருகுகிறவர்களிடம் அந்தப் பிய்ந்த பட்டையைக் காட்டியிருக்கிறேன். பார்வைக்கு நன்றாக இருந்தாலும் அடி வாங்கிய ஹெல்மெட்டை மறுபடி அணியக் கூடாது. அன்றே உடைத்துப் போட்டுவிட்டு அதே வகையை வாங்கினேன்.

இப்போதையதற்கு மூன்று வயது. விளிம்பின் அடியில் வட்டத்துக்குள் ஓர் அம்புக்குறி இருக்கும். அது தயாரித்த மாதத்தையும் ஆண்டையும் சொல்லும். கடையில் முதலில் அதைப் பாருங்கள். வெயில் பிளாஸ்டிக்கை நொறுங்க வைக்கும். நிறம் மங்கி மாவு போல உதிர்ந்தால் மாற்றிவிட வேண்டும். பெயர் எழுதப் பெயிண்டும் வேண்டாம், அதில் கலக்கும் தின்னர் ஹெல்மெட்டின் ஓட்டைப் பலவீனமாக்கும்.

குறை என்றால் நெற்றிப்பட்டைதான். சித்திரை வெயிலில் வியர்வை ஊறி, ஆறு மாதத்தில் ஸ்பாஞ்ச் உதிர்ந்துவிடுகிறது. துவைக்கக்கூடிய துணிப்பட்டை தனியாக வாங்கிப் போட்டிருக்கிறேன்.

பெரிய குறை சித்தாள் பெண்களுக்கு. சும்மாடு வைத்துக் கலவைச் சட்டி சுமக்கும் தலையில் ஹெல்மெட் எப்படி நிற்கும்? எங்கள் தளத்தில் தள்ளுவண்டியும் பொருள்களை மேலே தூக்கும் சிறிய ஹாய்ஸ்ட்டும் வந்த பிறகுதான் அவர்களும் அணியத் தொடங்கினார்கள். அப்போதும் கொண்டை போட்டால் ராட்செட் சரியாக உட்காருவதில்லை. சடை பின்னி வரச் சொல்கிறோம். கொண்டைக்கும் இடம்விடும் ஹெல்மெட்டை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.