ஆடாசிட்டியுடன் ஆறு ஆண்டுகள்: வெட்டிய ஒலியும் ‘பீப்’ ஒலியும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பழைய ஒலிநாடாக்களைக் கணினிக்கு மாற்றித் தருவதற்காகத்தான் ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளை நிறுவினேன். ஆறு ஆண்டுகளில் அந்த வேலை குறைந்து, புலனத்தில் (வாட்ஸ்அப்) சுற்றும் ஒலித்துண்டுகளைக் கொண்டுவந்து, “இதில் வெட்டு இருக்கிறதா, கொஞ்சம் பாருங்கள் அண்ணே” என்று கேட்பவர்களே அதிகமாகிவிட்டார்கள்.

அலைவடிவத்தை மட்டும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த முதலாண்டை வீணென்றே சொல்வேன். நேரம் இடமிருந்து வலமாகவும் அதிர்வெண் கீழிருந்து மேலாகவும் விரியும் ஸ்பெக்ட்ரோகிராம் காட்சியில், ஒரு சொல்லை மறைக்க இடும் பீப் ஒலி ஒற்றைக் கிடைக்கோடாகத் தெரிந்துவிடும். ஒலிபரப்பில் வழக்கமாக 1,000 ஹெர்ட்ஸ் தொனியே இடப்படும்; ஆனால் ஓர் ஆலயப் பொதுக்கூட்டப் பேச்சில் அக்கோடு 440 ஹெர்ட்ஸில் நின்றது. ஆடாசிட்டியில் தொனி உருவாக்கும்போது தானாக வரும் மதிப்பு அதுதான் (யாரோ இதே மென்பொருளில் செய்திருப்பார் என்பது என் ஊகம், சான்று அன்று). பீப் பேச்சின்மேல் கலக்கப்பட்டிருந்தால், நாட்ச் வடிப்பானால் அந்த அதிர்வெண்ணை மட்டும் நீக்கி, அடியிலுள்ள சொல்லை ஓரளவு கேட்கலாம். சொல்லை அழித்துவிட்டு அவ்விடத்தில் பீப் வைத்திருந்தால் மீட்க வழியே இல்லை; அந்தப் பேச்சில் அப்படித்தான் செய்திருந்தார்கள்.

பீப்பைவிட எனக்கு அதிக வேலை வைப்பவை ஓசையில்லாமல் வெட்டி ஒட்டிய துண்டுகளே. அவற்றில் பேச்சைவிடப் பின்னணியையே நம்புகிறேன். தோட்டத்து வீட்டில் அந்தியில் பதிவானதென்றால் சில்வண்டின் ஒலி மேலே ஒரு பட்டையாக ஓடும். பேச்சு தடையின்றித் தொடர்வதுபோல் கேட்டாலும், பட்டை சட்டென முறிந்திருந்தால் அங்கே நின்றுவிடுவேன். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், அதன் முனகலும் 50, 100, 150 ஹெர்ட்ஸ்களில் மெல்லிய கோடுகளாகத் தெரிவதுண்டு. அவற்றைப் பிரித்துக் காணச் சாளர அளவை (ஒரு தடவையில் அலசப்படும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கை) 2048-இலிருந்து 16384-க்கு உயர்த்த வேண்டும். 44,100 ஹெர்ட்ஸ் பதிவில் அப்போது ஏறத்தாழ 2.7 ஹெர்ட்ஸ் நுணுக்கம் கிடைக்கும், ஆனால் வெட்டு விழுந்த நொடி மங்கிப்போகும். அந்த நொடியைப் பிடிக்க மறுபடியும் 256-க்கு இறக்க வேண்டும். இந்த ஏற்ற இறக்கத்துக்காக ஒவ்வொரு முறையும் அமைப்புகளுக்குள் போய்வருவது, இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் எனக்கு எரிச்சல்தான்.

2021-இல் வந்த மூன்றாம் பதிப்பு முதல் முழுத் திட்டமும் ஒரே கோப்பாகச் சேமிக்கப்படுவது பெரிய நிம்மதி.

ஒருமுறை நன்றாகச் சறுக்கினேன். சொற்களுக்கிடையே முழு மௌனம், பின்னணி இரைச்சல்கூட இல்லாத வெறும் சுழியம் இருந்ததைக் கண்டு, வெட்டப்பட்டது என்று உறுதியாகச் சொல்லிவிட்டேன். பதிவு செய்தவர் தம் கைப்பேசியையே கொண்டுவந்தார். மூலக் கோப்பிலும் அதே மௌனம். இரைச்சலை ஒடுக்கும் வசதி கைப்பேசியிலேயே இருந்திருக்கிறது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போது மூலக் கோப்பு கைக்கு வராமல் எதையும் திறப்பதில்லை. எழுதிக் கொடுக்கும் தாளிலும் “ஐயத்துக்குரிய இடம்” என்று நிமிடத்தையும் நொடியையும் மட்டுமே குறிக்கிறேன்.