மூன்று நாள் தொற்றுத் தடுப்புப் பயிற்சி: ஒரு வார்டு செவிலியரின் மதிப்புரை

செவிலியர்களுக்கென்று தனியார் பயிற்சி மையம் ஒன்று திருச்சியில் நடத்தும் மூன்று நாள் தொற்றுத் தடுப்புப் பயிற்சியில் சென்ற மாதம் கலந்துகொண்டேன். கட்டணம் 3,500 ரூபாய். மதியச் சாப்பாடும் ஒரு கையேடும் அதில் அடக்கம். பாதித் தொகையை எங்கள் மருத்துவமனை ஏற்றுக்கொண்டது; மீதிப் பணமும் மூன்று நாள் விடுப்பும் என் கணக்கில் போயின. பதினொரு ஆண்டு வார்டில் வேலை பார்த்தவளுக்குக் கை கழுவுவதைப் பற்றி யார் என்ன புதிதாகச் சொல்லிவிடப் போகிறார்கள் என்ற நினைப்போடுதான் போய் உட்கார்ந்தேன். முதல் நாள் பதினொரு மணிக்கு மேல் அந்த நினைப்பு நிலைக்கவில்லை.

புற ஊதா விளக்கில் ஒளிரும் பொருள் கலந்த ஹேண்ட் ரப்பை, அதாவது தண்ணீரில்லாமல் கையில் தேய்த்துக்கொள்ளும் மருந்தை, எல்லோருடைய உள்ளங்கையிலும் ஊற்றி, வார்டில் எப்படித் தேய்ப்பீர்களோ அப்படியே தேய்த்துவிட்டு வாருங்கள் என்றார் பயிற்சியாளர். பிறகு ஒவ்வொருவராக விளக்குப் பெட்டிக்குள் கையை நீட்டினோம். மருந்து பட்ட இடமெல்லாம் நீலமாக மின்னியது; என் வலது கட்டைவிரலைச் சுற்றியும் ஐந்து விரல்களின் நுனியிலும் இருட்டாகவே இருந்தது. டிரிப் ஏற்றும் சிறு குழாயான கேனுலாவைப் போடுவதற்கு முன் இரத்தக் குழாயைத் தடவிப் பார்ப்பது அந்த நுனிகள்தான், சிரிஞ்சின் பின்பக்கத்தை அழுத்துவது அந்தக் கட்டைவிரல்தான் என்று எண்ணியபோது கொஞ்சம் கூச்சமாக இருந்தது. பக்கத்தில் இருந்த சிஸ்டருக்கு மோதிரத்தின் அடியில் ஒரு கறுப்பு வளையமே தெரிந்தது. அவர் பேசாமல் அதைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

கையைச் சுத்தம் செய்ய வேண்டியவை என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கும் ஐந்து தருணங்கள் சுவரொட்டியாக எல்லா வார்டுகளிலும் தொங்குகின்றன. நோயாளியைத் தொடும் முன், கிருமி படாமல் செய்ய வேண்டிய வேலைக்கு முன், உடல் திரவம் பட்டிருக்கக்கூடிய வேலைக்குப் பின், நோயாளியைத் தொட்ட பின், அவரைச் சுற்றியுள்ள பொருட்களைத் தொட்ட பின் என்று யாரைக் கேட்டாலும் ஒப்பித்துவிடுவோம். இங்கே ஒப்பிக்கச் சொல்லவில்லை. கட்டில், டிரிப் ஸ்டாண்டு, பொம்மை நோயாளி எல்லாவற்றையும் வைத்து மாலை ஐந்து மணி வார்டைப் போல நடித்துக் காட்டச் சொன்னார்கள். பெரும்பாலோர் தவறியது ஐந்தாவதில்தான். கட்டில் கம்பியை ஏற்றிவிட்டு, டிரிப் வேகத்தைக் குறைத்துவிட்டு, நோயாளியைத் தொடவே இல்லையே என்ற தெம்பில் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறோம்.

இவ்வளவுக்கும் நேரம் எங்கே இருக்கிறது என்று ஓர் இளம் செவிலியர் கேட்டார். பயிற்சியாளர் கோபித்துக்கொள்ளாமல் பலகையில் கணக்குப் போட்டார். இருபது நோயாளிகள், ஆளுக்கு இரண்டு முறை, ஆல்கஹால் ஹேண்ட் ரப்புக்கு 20 முதல் 30 விநாடி என்றால் மொத்தம் 13 முதல் 20 நிமிடம். சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி, அதாவது ஏறத்தாழ 27 முதல் 40 நிமிடம், குழாய்க்கு நடக்கும் நேரம் தனி. கை கண்ணுக்குத் தெரியும்படி அழுக்காக இருந்தாலோ, குளோஸ்ட்ரிடியம் டிஃபிசில் வயிற்றுப்போக்கு நோயாளியைப் பார்த்தாலோ மட்டும் குழாய்க்குப் போயே ஆக வேண்டும், ஏனென்றால் அந்தக் கிருமியின் வித்துகளை ஆல்கஹால் கொல்லாது என்பதையும் சேர்த்தே சொன்னார். பதில் இல்லாத கேள்வி என்று இத்தனை நாள் நான் நினைத்திருந்ததற்கு ஒரு பதில் கிடைத்தது.

வேலையின்போது தவறுதலாக ஊசி குத்திக்கொள்வது பற்றிய வகுப்பு ஒன்றுக்காகவே கட்டணத்தைக் கொடுக்கலாம். குத்திக்கொண்டவர்கள் யார் என்று கேட்டபோது பாதிக்கு மேல் கைகள் உயர்ந்தன. அதை எழுதிக் கொடுத்தவர்கள் யார் என்றதும் மூன்று கைகள் மிஞ்சின. இடத்தைப் பிதுக்கி இரத்தத்தை வெளியேற்றுவது நாங்கள் மூத்தவர்களிடம் கற்ற பழக்கம். அதைச் செய்யக் கூடாது, சோப்பும் ஓடும் தண்ணீரும் போதும், உடனே தெரிவிக்க வேண்டும் என்றார்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். எல்லோரும் அஞ்சுவது எச்.ஐ.வி.க்கு, தொற்றுள்ளவரின் இரத்தம் பட்ட ஊசி குத்தினாலும் அது தொற்றும் வாய்ப்போ ஆயிரத்துக்கு மூன்று. தடுப்பூசி போடாதவருக்குக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு முப்பது வரை போகும் என்றதும் அறை அமைதியானது. அந்தத் தடுப்பூசியின் மூன்றாவது தவணையைப் போடாமலே விட்டவர்கள் எங்களில் சிலர் இருந்தோம்.

குறைகளும் உண்டு; சிறியவை என்று சொல்ல மாட்டேன். கையேடு முழுக்க ஆங்கிலம். அதைவிட மோசம், மருத்துவக் கழிவுப் பகுதியில் 1998 விதிகளின் பத்து வகைப் பட்டியல் இன்னும் அச்சாகி வருகிறது. 2016 விதிகள் மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என நான்கு நிற வகைகளுக்கு மாற்றி எத்தனையோ ஆண்டுகளாகின்றன. ஒருவர் சுட்டிக்காட்டிய பிறகுதான் பயிற்சியாளர் வாயால் திருத்தினார். கையேட்டை வீட்டுக்குக் கொண்டுபோகிறவர் அந்தத் திருத்தத்தை எங்கே தேடுவார்? இரண்டாம் நாள் பிற்பகல் முழுவதும் ஸ்லைடுகளைப் பார்த்து வாசித்தே கழிந்தது. வென்டிலேட்டர் நோயாளிக்குத் தலைப்பக்கத்தை 30 முதல் 45 பாகை உயர்த்துவது, சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பையைத் தரையில் படாமல் நோயாளியின் சிறுநீர்ப்பை மட்டத்துக்குக் கீழே தொங்கவிடுவது போன்றவற்றைப் பக்கத்திலேயே கிடந்த கட்டிலில் செய்து காட்டியிருக்கலாம்.

மையத்தில் முழங்கையால் திறந்து மூடும் குழாயும் காகிதத் துண்டும் இருக்கின்றன. எங்கள் வார்டில் இருப்பது திருகு குழாயும் எல்லோருக்கும் பொதுவான ஒரு துணித் துண்டும். கழுவிய கையால் குழாயை மூடினால் கழுவியதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். நிர்வாகத்திடம் எழுதிக் கேளுங்கள் என்பதோடு முடித்துக்கொண்டார்கள். ஆனால் கை தேய்க்காமல் கட்டில் கட்டிலாகப் போகும் மருத்துவரிடம் என்ன சொல்வது என்ற கேள்விக்குக் கிடைத்த பதில் எனக்குப் பிடித்திருந்தது: “ஒன்றும் சொல்லாதீர்கள் சிஸ்டர். முதலில் நீங்கள் தேய்த்துக்கொண்டு, பாட்டிலை அவர் பக்கம் நீட்டுங்கள்.” எங்கள் ரவுண்ட்ஸில் மூன்று பேரிடம் நீட்டிப் பார்த்தேன். இரண்டு பேர் கையை நீட்டினார்கள்.

கடைசி நாள் தேர்வு, நான்கு விடைகளில் ஒன்றைக் குறிக்கும் முப்பது கேள்விகள். மூன்று நாளும் கையால் கற்பித்ததைப் பேனாவால் சோதித்துச் சான்றிதழ் கொடுத்தார்கள். அந்த விளக்குப் பெட்டியில் இன்னொரு முறை கையை நீட்டச் சொல்லியிருந்தால் என் கட்டைவிரல் தேறியதா என்று எனக்கும் தெரிந்திருக்கும்.

சேர நினைப்பவர்கள் பணம் கட்டும் முன் கையேட்டைக் கேட்டு வாங்கிக் கழிவுப் பகுதியைப் பார்த்துவிடுங்கள். முடிந்தால் ஒரே வார்டிலிருந்து இரண்டு பேராகப் போங்கள்; திரும்பி வந்த பிறகு ஒருவர் தேய்ப்பதை மற்றவர் பார்த்துச் சொல்லலாம்.